பிடிப்பதும் விடுவதும்: ‘பை பை பட்டர்ஃப்ரீ’ அத்தியாயம் குறித்த மறுபார்வை

வீடியோ கேமிலிருந்து பிறக்கும் குழந்தைகள் கார்ட்டூன் தொடர் எதுவாயினும் தொடக்கத்திலேயே ஒரு சிக்கலை எதிர்கொள்கிறது. விளையாட்டில் எங்கே போவது, யாரோடு மோதுவது, எதை வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஆடும் குழந்தை. தொலைக்காட்சியில் அந்த உரிமை கதாசிரியரிடம் சென்றுவிட, குழந்தை கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிறது. 1989இல் அமெரிக்காவில் வெளிவந்த சூப்பர் மாரியோ தொடரைப் போன்ற முன்னோடிகள் விளையாட்டின் உருவங்களையும் ஓசைகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றித் தனியான நகைச்சுவைக் கதைகளைப் பின்னி இச்சிக்கலைத் தாண்டிச் சென்றன. 1997 ஏப்ரல் 1ஆம் நாள் டிவி டோக்கியோ அலைவரிசையில் தொடங்கிய போக்கிமான் தொடரோ விளையாட்டின் விதிகளையே கதைப்பொருளாக எடுத்துக்கொண்டது. அவ்விதிகளுக்குள் வாழ நேர்ந்தால் ஒரு சிறுவனுக்கும் அவன் பிடித்த உயிர்களுக்கும் இடையே என்ன நேரும் என்று அது கேட்டது. அக்கேள்வி மிகக் கூர்மையாக ஒலிக்கும் இடம், அவ்வாண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் ஒளிபரப்பான 21ஆம் அத்தியாயமாகிய ‘பை பை பட்டர்ஃப்ரீ’. உயிர்களைப் பிடிப்பதையே குறிக்கோளாகக் கொண்ட ஒரு விளையாட்டுக்கு, அதன் பெயரைத் தாங்கிய தொடரே உள்ளிருந்து எழுப்பிய மறுப்பு இந்த அத்தியாயம் என்பதே இவ்வுரையின் வாதம்.

மறுப்பு எதை நோக்கியது என்பது விளங்க, விளையாட்டின் அமைப்பை முதலில் அறிய வேண்டும். 1996 பிப்ரவரி 27ஆம் நாள் நிண்டெண்டோ நிறுவனம் தன் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக வெளியிட்ட சிவப்பு, பச்சை ஆகிய இரு பதிப்புகளிலும், ஆடுபவர் ஒரு சிறுவனாக ஊர் ஊராக நடந்து, புல்வெளிகளிலும் குகைகளிலும் நீர்நிலைகளிலும் எதிர்ப்படும் போக்கிமான் என்ற கற்பனை உயிர்களைப் போரிட்டு வலுவிழக்கச் செய்து, போக்கே பால் எனப்படும் சிறு உருண்டைக்குள் அடைக்கிறார். மொத்த வகைகள் 151. அவற்றைப் பட்டியலிடும் மின்னணுக் குறிப்பேட்டை நிரப்புவது பேராசிரியர் ஒருவர் ஆடுபவருக்கு இடும் பணி. ஒரே நேரத்தில் ஆறு உயிர்களைத்தான் உடன் கொண்டுசெல்லலாம். ஏழாவதாகப் பிடிபடுவது கணினிக்குள் இருக்கும் பெட்டி என்ற சேமிப்பிடத்துக்குச் சென்றுவிடுகிறது. பெட்டிகள் அனைத்திலுமாக 240 உயிர்களைச் சேமித்து வைக்கலாம். சில வகைகள் சிவப்புப் பதிப்பில் மட்டும், வேறு சில பச்சைப் பதிப்பில் மட்டும் கிடைக்குமாறு பிரிக்கப்பட்டிருந்ததால், பட்டியலை நிரப்ப விரும்புகிற குழந்தை இன்னொரு குழந்தையின் கருவியோடு தன் கருவியைக் கம்பியால் இணைத்துப் பண்டமாற்றுச் செய்தே ஆக வேண்டும். பண்டமாற்றில் வந்த உயிருக்குப் போர் அனுபவப் புள்ளிகள் ஒன்றரை மடங்காகக் கிடைக்கும் என்ற சலுகையும் உண்டு.

இந்த அமைப்பில் விடுவித்தல் என்ற செயலும் இருக்கிறது. ஆனால் அது ஒளிந்திருக்கிறது. கணினியைத் திறந்து, பெட்டியில் உள்ள ஓர் உயிரைத் தேர்ந்து, விடுவிக்கும் கட்டளையை அழுத்தினால், இனி அது திரும்பக் கிடைக்காது என்ற எச்சரிக்கையும், ஒப்புக்கொண்டதும் அதன் பெயரைச் சொல்லி விடைகூறும் ஒற்றை வரியும் திரையில் தோன்றி மறையும். புள்ளி கிடையாது, பரிசு கிடையாது, அவ்வுயிர் எங்கே போயிற்று என்ற செய்தியும் கிடையாது. இடநெருக்கடிக்காகத் தவிர ஆடுபவர் இக்கட்டளையை நாட விளையாட்டு எந்தக் காரணத்தையும் தருவதில்லை. திரையில் ஒரு நொடியில் கடந்துபோகும் இந்த விடைகூறலைத்தான் தொடரின் 21ஆம் அத்தியாயம் தன் தலைப்பாகவும், தன் முழு நேரத்துக்குமான கதையாகவும் விரித்துக்கொள்கிறது.

விளையாட்டை உருவாக்கிய சதோஷி தஜிரியின் இளமையை இங்கே கருத வேண்டும். 1965இல் பிறந்த அவர் டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தார். குளங்களும் மரச்செறிவுகளும் மிகுந்திருந்த அவ்விடத்தில் பூச்சிகளைத் தேடிப் பிடித்து வளர்ப்பதே அவருடைய பெரும் ஈடுபாடாக இருந்ததால் பூச்சிப் பேராசிரியர் என்ற பொருள்பட நண்பர்கள் அவரை அழைத்தனர். குளங்கள் தூர்க்கப்பட்டுக் கட்டடங்கள் எழுந்தபின், அந்த இழப்பை அடுத்த தலைமுறைக்கு வேறு வடிவில் ஈடுசெய்யும் முயற்சியாகவே போக்கிமான் உருவானது என்பதை அவரே நேர்காணல்களில் கூறியுள்ளார். இரு கேம் பாய் கருவிகளை இணைக்கும் கம்பியைக் கண்டபோது அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து செல்வதாக அவர் கற்பனை செய்ததும் பரவலாக அறியப்பட்ட செய்தி. ஜப்பானியச் சிறுவர்களின் பூச்சி வேட்டை, ஜூலைப் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நீளும் கோடை விடுமுறையோடு பிணைந்தது. வலையும் சிறு கூண்டுமாகக் காண்டாமிருக வண்டுகளைத் தேடி அலைவதும், பிடித்தவற்றை ஊசியில் குத்திப் பள்ளிக்குக் கோடைக்கால வீட்டுப்பாடமாகக் கொண்டுசெல்வதும் அங்கே நீண்டகால வழக்கம். ஆனால் உயிரோடு பிடித்த பூச்சி கோடையின் முடிவில் என்னவாகிறது? கூண்டுக்குள்ளேயே இறக்கலாம், அல்லது திறந்துவிடப்படலாம். தஜிரியின் விளையாட்டு அந்த ஈடுபாட்டின் முதற்பாதியை, அதாவது தேடலையும் பிடித்தலையும், மிக நுட்பமாக மீட்டுக் கொடுத்தது. பிற்பாதி அதில் இல்லை. விளையாட்டுக்குள் கோடை முடிவதே இல்லை. கோடை விடுமுறையின் பிற்பகுதியில் ஒளிபரப்பான இந்த அத்தியாயம், தஜிரியின் பெயரையே தாங்கிய கதாநாயகனை (ஜப்பானிய மூலத்தில் சதோஷி, ஆங்கில வடிவில் ஆஷ்) அந்தப் பிற்பாதிக்குக் கொண்டுசெல்கிறது.

பட்டர்ஃப்ரீ என்னும் வண்ணத்துப்பூச்சி போக்கிமான் கதைக்குள் வந்த வழியும் எண்ணிப் பார்க்கத்தக்கது. தொடரின் மூன்றாம் அத்தியாயத்தில் ஆஷ் தன் முயற்சியால் பிடிக்கும் முதல் உயிர், கேட்டர்பி என்ற பச்சைப் புழு. அவனிடம் முன்பே இருந்த பிகாச்சு என்ற உயிர் பேராசிரியரால் கொடுக்கப்பட்டது. ஆதலால் ‘பிடித்தேன்’ என்று அவன் சொல்லிக்கொள்ளக்கூடிய முதல் உடைமை இப்புழுவே. அதன் நெற்றியில் உள்ள சிவந்த கவர்க்கொம்பு, அழகன் குடும்ப வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் ஆபத்து நேரும்போது தலைக்குப் பின்னிருந்து நீட்டி நாற்றம் பரப்பும் உறுப்பை ஒத்திருக்கிறது. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் இத்தகைய புழுக்களைக் கண்டவர்களுக்கு, இந்தக் கற்பனை உருவம் எவ்வளவு கூர்ந்த கவனிப்பிலிருந்து எழுந்தது என்பது உடனே புலப்படும். ஆஷின் தோழி மிஸ்டி பூச்சிகளை அருவருப்பவள். புழு அவளை நாடிச் செல்லச் செல்ல அவள் விலகுகிறாள். அன்றிரவு நிலவொளியில் அப்புழு பிகாச்சுவோடு அமர்ந்திருக்கும் காட்சி, உடைமையாக வந்த ஓர் உயிருக்குத் தனக்கென ஒரு விருப்பமும் உண்டு என்பதைத் தொடர் முதன்முறையாக உணர்த்துமிடம். மூன்றாம் அத்தியாயத்திலேயே கேட்டர்பி மெட்டாபாட் என்ற கூட்டுப்புழுவாகவும், நான்காம் அத்தியாயத்தில் பட்டர்ஃப்ரீயாகவும் உருமாறிவிடுகிறது.

இவ்வளவு விரைவான உருமாற்றம் கதாசிரியரின் அவசரத்தால் வந்ததன்று. விளையாட்டிலும் கேட்டர்பி ஏழாம் நிலையில் கூட்டுப்புழுவாகவும், பத்தாம் நிலையில் வண்ணத்துப்பூச்சியாகவும் மாறுகிறது. பிற உயிர்கள் முழு வளர்ச்சி எய்தப் பல மணி நேர ஆட்டம் தேவைப்படும்போது, இவ்வுயிர் தொடக்கக் காட்டிலேயே முதிர்ந்து, முதல் சில போர்களில் பெரிதும் உதவி, பின்னர் எதிரிகளின் வலிமை கூடக் கூடப் பின்தங்கிவிடுகிறது. விளையாடிய குழந்தைகளில் பலர் ஒரு கட்டத்தில் தங்கள் பட்டர்ஃப்ரீயைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துச் சென்றிருப்பர். அதாவது இவ்வுயிரைக் கைவிடுவது விளையாட்டிலேயே இயல்பாக நடப்பது. ஆனால் அங்கே அதற்குக் காரணம் பயனின்மை. தொடர் அதே பிரிவை எடுத்துக்கொண்டு காரணத்தை மட்டும் மாற்றுகிறது.

அம்மாற்றத்துக்கான முன்னேற்பாடு 15ஆம் அத்தியாயத்தில் நிகழ்கிறது. இதனைக் கருதாமல் 21ஆம் அத்தியாயத்தைப் பேசுவோர் அதன் ஆழத்தில் பாதியை இழக்கின்றனர். ஜூலை 8ஆம் நாள் ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தில், செயின்ட் ஆன் என்ற பெருங்கப்பலில் கனவான் ஒருவரின் ராட்டிகேட் என்னும் எலியுருவ உயிரோடு ஆஷின் பட்டர்ஃப்ரீ மோதுகிறது; ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டபின், இரண்டையும் மாற்றிக்கொள்ளலாமா என்று அவர் கேட்க, ஆஷ் பெரிதாக யோசிக்காமல் ஒப்புக்கொள்கிறான். சிறிது நேரத்துக்குள் அவனைத் துயரம் பற்றிக்கொள்கிறது. காட்டில் பிடித்ததும், கூட்டுக்குள் இருந்தபோது தூக்கிச் சென்றதும், அதிலிருந்து வெளிவந்ததும் நினைவுக்கு வர, தாக்குதலுக்கு உள்ளாகி மூழ்கத் தொடங்கும் கப்பலில் அக்கனவானைத் தேடிப்பிடித்து மறுமாற்றம் செய்துகொள்கிறான். விளையாட்டின் வணிக வெற்றிக்கே அடிப்படையான பண்டமாற்றை, அதன் விளம்பரமாகவும் விளங்கிய தொடர் ஒரு தவறாகக் காட்டியது துணிச்சலான செயல். ஓர் உயிருக்கு ஈடாக வேறோர் உயிரைப் பெறலாம் என்ற எண்ணமே அங்கே மறுக்கப்படுகிறது. ஈடு இல்லாதது என்று ஆஷ் கண்டுகொண்ட அதே உயிரை, ஆறே வாரத்தில், எதையும் பெறாமல் அவன் விட்டுவிட வேண்டியிருக்கிறது.

21ஆம் அத்தியாயத்தின் நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடலோரக் குன்றொன்றை அடையும் ஆஷும் நண்பர்களும் ஏராளமான பட்டர்ஃப்ரீகள் வானில் கூடியிருப்பதைக் காண்கின்றனர். அது அவை இணைதேடும் பருவம். இணையைக் கண்டடைந்தவை கடல் கடந்து சென்று முட்டையிடும், ஆகவே அவற்றை வளர்ப்போர் இப்பருவத்தில் விடுவித்துவிட வேண்டும் என்பது விளக்கப்படுகிறது. வெப்பக்காற்றுப் பலூனில் ஏறிச் சென்று ஆஷ் தன் பட்டர்ஃப்ரீயைக் கூட்டத்தில் விட, அது இளஞ்சிவப்பு நிறப் பெண் பட்டர்ஃப்ரீ ஒன்றை விரும்புகிறது. அப்பெண்ணோ அதனை ஏற்கவில்லை. ராக்கெட் குழு என்ற வழக்கமான திருடர் கூட்டம் ஹெலிகாப்டரில் வந்து வலைவீசிக் கூட்டத்தையே வாரிச் செல்ல, ஆஷின் பட்டர்ஃப்ரீ முன்னின்று போராடிச் சிறைப்பட்டவற்றின் விடுதலைக்கு வழிசெய்கிறது. இளஞ்சிவப்புப் பெண் மனம் மாறுகிறது. சூரியன் சாயும் நேரத்தில் ஆஷ் தன் முதல் பிடிப்புக்கு விடைகொடுக்கிறான்.

கதையின் நடுப்பகுதி பலவீனமானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதலில் மறுத்த பெண், ஆணின் வீரத்தைக் கண்டபின் இணங்குவது பழைய காதற்கதைகளின் தேய்ந்த தடம். அவளுடைய மறுப்புக்கும் ஏற்புக்கும் வேறு எந்தக் காரணமும் காட்டப்படவில்லை, ஆண் பட்டர்ஃப்ரீக்குக் கிடைக்கும் பரிசாகவே அவள் நடத்தப்படுகிறாள். உயிர்களைப் பரிசாகக் கருதும் மனப்போக்கை எதிர்க்கும் ஒரு கதை இந்த ஓரிடத்தில் தன் கொள்கைக்கே முரணாகிறது. அதே நடுப்பகுதியில் ராக்கெட் குழுவின் வலைக்குத் தரப்பட்டுள்ள இடம் மட்டும் நுட்பமானது. ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் பிடித்துவிட வேண்டும் என்பது விளையாட்டின் குறிக்கோள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் போக்கிமான் விற்பனைக்கு வந்தபோது விளம்பர முழக்கமாகவும் அதுவே அமைந்தது. இந்த அத்தியாயத்தில் எல்லாவற்றையும் பிடிப்பவர்கள் திருடர்களே. ஆடுபவரின் குறிக்கோள் அதே வடிவில், மிகைப்படுத்தப்படாமல், எதிராளியின் கைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. குழந்தை தன்னுடைய ஆசையை வலைக்கு வெளியே நின்று பார்க்குமாறு செய்யப்படுகிறது.

கூட்டத்தில் தன் பட்டர்ஃப்ரீயை அடையாளம் காண அதன் கழுத்தில் மஞ்சள் துணி ஒன்று கட்டப்பட்டிருப்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஜப்பானில் அசகிமதரா என்று வழங்கும், நீர்ப்பச்சை கலந்த வெளிர்நீலத் திட்டுகள் கொண்ட வண்ணத்துப்பூச்சி, உண்மையிலேயே கடல் கடந்து வலசை போவது. 1980களிலிருந்து ஆர்வலர்களும் பள்ளி மாணவர்களும் அதனைப் பிடித்து, இறக்கையில் பேனாவால் இடத்தையும் நாளையும் குறித்து விட்டுவிட, வேறெங்கோ இன்னொருவர் அதே பூச்சியைப் பிடித்துச் செய்தி தெரிவிக்கும் முறையில் அதன் வழித்தடங்கள் கண்டறியப்பட்டன. ஜப்பானில் குறியிடப்பட்டவை தைவானிலும், 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் ஹாங்காங்கிலும் மீண்டும் அகப்பட்டுள்ளன. இந்த வழக்கம் கதாசிரியர்களுக்குத் தூண்டுதலாக இருந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சிக்குள் இவ்வுரை புகவில்லை. இரண்டுக்கும் உள்ள உறவு அதைச் சாராமலே பொருளுடையது. விடுவதற்காகவே பிடிப்பது, பிடித்ததன் அடையாளத்தோடு விடுவது, விட்டபின் அது போகும் திசையை அறிய விரும்புவது என்ற மனநிலை பூச்சி ஈடுபாட்டின் முதிர்ந்த வடிவம். ஊசியும் பெட்டியும் தேவைப்படாத அறிவு அது. மஞ்சள் துணி ஆஷின் உரிமையைக் காட்டும் முத்திரையாகக் கட்டப்பட்டு, அத்தியாயம் முடிவதற்குள் பிரிந்து சென்ற ஒன்றை இனங்காட்டும் குறியாக மாறிவிடுகிறது.

விடைகொடுக்கும் காட்சியில் மூன்றாம் அத்தியாயம் முதலான பழைய காட்சிகள் இடையிடையே மீண்டும் வருகின்றன. செலவைக் குறைக்கவும் நேரத்தை நிரப்பவும் இத்தகைய மீள்காட்சிகளைத் தொலைக்காட்சி கார்ட்டூன்கள் வழக்கமாகப் பயன்படுத்துவதுண்டு. இங்கே அவற்றின் பணி வேறு. கேட்டர்பி பிடிபட்டது ஏப்ரல் 15. பட்டர்ஃப்ரீ பிரிவது ஆகஸ்ட் 19. இடைப்பட்ட 18 வாரங்கள் கதைக்குள் நிகழ்ந்த காலம் மட்டுமல்ல, தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருந்த குழந்தை உண்மையாகவே வாழ்ந்து கடந்த காலமும் ஆகும். புதிய பள்ளியாண்டு தொடங்கிய வசந்தத்தில் அறிமுகமான புழு, கோடை விடுமுறை முடியும் தறுவாயில் விடைபெறுகிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு 18 வாரம் மிக நீண்ட காலம். வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே வரும் தொலைக்காட்சித் தொடருக்கு வாய்த்த தனிவளம் இதுவே; கேம் பாயில் ஒரே மாலையில் பத்தாம் நிலையைத் தொட்டுவிடும் உயிரோடு இத்தகைய பழக்கம் ஏற்பட வழியில்லை.

இக்காட்சியில் தயங்குவது பட்டர்ஃப்ரீயும்தான். அது அழுகிறது, ஆஷைவிட்டு அகலத் தயங்குகிறது, அவன்தான் போகச் சொல்கிறான். விடுதலை இங்கே உடையவரின் இசைவோடு வருவதாகவே காட்டப்படுகிறது என்றும், அவன் மறுத்திருந்தால் பட்டர்ஃப்ரீக்கு வேறு வழி இருந்திருக்காது என்றும் ஒருவர் குறை கூறலாம்; அக்குறையில் நியாயம் உண்டு. ஆயினும் குழந்தைகளை நோக்கிப் பேசும் கதை உடைமையுள்ளவனின் பக்கத்திலிருந்தே தொடங்கியாக வேண்டும், ஏனெனில் வலையும் கூண்டும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. தன்னுடையது என்று நினைத்த ஒன்றுக்குத் தன்னை உட்படுத்தாத ஓர் எதிர்காலம் உண்டு என்பதை ஏற்பது பெரியவர்களுக்கே கடினம். அத்தியாயம் அந்தக் கடினத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. குன்றின் விளிம்பு வரை ஆஷை ஓடவைத்து, கையசைக்கவைத்து, அழவைக்கிறது.

இத்தொடரின் கதைப் பொறுப்பை ஏற்றிருந்த தக்கேஷி ஷுதோவும் இயக்குநர் குனிஹிக்கோ யுயாமாவும் பிரிவு என்ற இப்பொருளைப் பின்னரும் விடவில்லை. 1997 டிசம்பரில் ஓர் அத்தியாயத்தின் விரைந்து மின்னும் ஒளியால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டபின், 1998 ஏப்ரல் 16ஆம் நாள் அது திரும்பி வந்தபோது ஒளிபரப்பான இரண்டு அத்தியாயங்களுள் ஒன்று, காட்டில் தன்னினத்தோடு கூடிய பிகாச்சுவை அங்கேயே விட்டுச்செல்ல ஆஷ் துணியும் கதை. பிகாச்சு திரும்பிவிடுகிறது, தொடரின் முகமாகிவிட்ட உயிரை விட முடியாது என்ற வணிகக் கட்டாயம் அதில் தெளிவாகத் தெரிகிறது. 2017இல் யுயாமாவே இயக்கிய இருபதாம் திரைப்படம் கேட்டர்பியின் உருமாற்றத்தையும் பட்டர்ஃப்ரீயின் பிரிவையும் மீண்டும் சொன்னது. ஓவியத்தின் அழகு பன்மடங்கு கூடியிருந்தும், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மிகுந்த படத்துக்குள் அறிமுகமும் பிரிவும் அடங்கிவிட்டதால் பழைய பிரிவின் கனம் அதற்குக் கிட்டவில்லை.

விளையாட்டின் பக்கத்தில் நேர்ந்தது வேறு. 2016 ஜூலையில் கைப்பேசிகளுக்காக வெளிவந்த போக்கிமான் கோவில், பிடித்த உயிரைப் பேராசிரியருக்கு அனுப்பிவிடும் வசதி உண்டு. அனுப்பும் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு மிட்டாய் ஈடாகக் கிடைக்கும், அம்மிட்டாய்களைக் கொண்டே அதே இனத்தின் மற்றோர் உயிரை உருமாற்ற முடியும். கேட்டர்பி மெட்டாபாட்டாக 12 மிட்டாயும், மெட்டாபாட் பட்டர்ஃப்ரீயாக 50 மிட்டாயும் தேவை. எளிதில் அகப்படுவதாலும் குறைந்த மிட்டாயில் மாறுவதாலும் கேட்டர்பிகளைத் திரளாகப் பிடித்துத் திரளாக அனுப்புவது ஆடுவோரின் வழக்கமாயிற்று. பழைய விளையாட்டில் பரிசு ஏதுமின்றி ஒதுங்கிக் கிடந்த விடுவித்தல், இவ்வாறு பிடித்தலின் கருவியாகவே ஆக்கப்பட்டது. ஆனால் 1997இல் தொடர் கணக்கை வேறு விதமாக எழுதியது. பட்டர்ஃப்ரீ பிரிந்தபோது ஆஷிடம் ஐந்து உயிர்களே எஞ்சின. ஆறு என்ற எல்லையின் காரணமாக முன்னரே பேராசிரியரிடம் சென்றுவிட்ட கிராபி என்ற நண்டை அவன் அழைத்துக்கொண்டிருக்கலாம், விளையாட்டில் எந்தக் குழந்தையும் அதைத்தான் செய்யும். அவன் அழைக்கவில்லை. அடுத்து அவன் புதிதாக ஓர் உயிரைப் பிடிப்பது 25ஆம் அத்தியாயத்தில். இடையே வந்த மூன்று அத்தியாயங்களிலும், கடினமான எதிராளியான சப்ரினாவை அவன் எதிர்கொண்டபோதும், ஆறாவது இடம் நிரப்பப்படவே இல்லை.